பெர்சர்க் அனிமே: 1997 தொடரின் பலமும் பலவீனமும் ஒரே கத்தரியின் வேலை

பெர்சர்க் பார்க்கலாம் என்று தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது குழப்பம்தான். ஒரே கதை, மூன்று அனிமே (ஜப்பானிய அனிமேஷன்): 1997இல் தொடங்கிய 25 எபிசோடு தொடர், 2012-13இல் வந்த மூன்று திரைப்படங்கள், 2016-17இல் வந்த 24 எபிசோடு தொடர். போதாததற்கு அந்தத் திரைப்படங்களையே பிரித்து, சில காட்சிகளைச் சேர்த்து 2022இல் 13 எபிசோடுகளாக டிவியில் விட்டார்கள். யாரைக் கேட்டாலும் "பழசைப் பார்" என்கிறார்கள். பழசைப் போட்டால் போர்க்களத்தில் படம் அப்படியே நிற்கிறது, கேமரா மட்டும் மெல்ல நகர்கிறது. கடைசி எபிசோடு அதைவிட மோசம்: ஓர் அலறலின் நடுவே கதை அறுந்துவிடுகிறது.

இதையா இவ்வளவு தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்பது நியாயம். மூலமான மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) 1997 குழு எதை எல்லாம் வெட்டியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். தொடர் ஏன் மனதில் தங்குகிறது, எங்கே காலை வாருகிறது இரண்டுக்கும் அந்த வெட்டுகள்தான் காரணம்.

ஒரு முன்னெச்சரிக்கை. முடிவு வரை கதை இங்கே பேசப்படுகிறது. தவிர, இது பெரியவர்களுக்கான தொடர். ரத்தம் மட்டுமல்ல, பாலியல் வன்முறையும் உண்டு.

முதலில் அடிப்படை

கென்டாரோ மியூரா எழுதி வரைந்த மங்கா இது. 1989இல் ஜப்பானின் ஹகுசென்ஷா பதிப்பகத்தின் இதழ் ஒன்றில் தொடங்கி, 1992 முதல் அதே நிறுவனத்தின் யங் அனிமல் இதழில் தொடர்ந்தது. 2021 மே 6 அன்று மியூரா இதயப் பெருநாடி கிழிந்து இறந்தார். வயது 54. அவர் கை பட்ட கடைசி அத்தியாயம் 364ஆவது. 41ஆம் தொகுதியில் இருக்கிறது. 2022 ஜூன் முதல் அவருடைய உதவியாளர்களான ஸ்டுடியோ காகா குழு வரைய, பள்ளிக்கால நண்பரும் மங்கா படைப்பாளியுமான கோஜி மோரி மேற்பார்வையில் கதை நகர்கிறது. முழுக்கதையையும் மியூரா பல ஆண்டுகளுக்கு முன்பே வாய்வழியாகச் சொல்லியிருந்தது மோரியிடம்தான். ஆக, எந்த அனிமேயை எடுத்தாலும் அது முடியாத ஒரு கதையின் துண்டு.

அடுத்து, 'டார்க் ஃபேன்டஸி' என்ற சொல். வாள், மந்திரம், கோட்டை, பேய் பிசாசு எல்லாம் இருக்கும் கற்பனை உலகம்தான் ஃபேன்டஸி. அதில் ரத்தத்தைக் கூட்டினால் டார்க் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமான ஃபேன்டஸியில் உலகத்துக்கு ஒரு நீதி உண்டு. தீமை வெளியிலிருந்து வரும், நல்லவன் அதை வென்றால் ஒழுங்கு திரும்பும். டார்க் ஃபேன்டஸியில் அந்த உத்தரவாதம் கிடையாது. அரக்கனுக்கும் மனிதனுக்கும் நடுவில் கோடு இருக்காது, நல்லது செய்தவனுக்குக் கூலி கிடைக்காது, மேலே ஏதாவது சக்தி இருந்தால் அது நம் பக்கம் நிற்காது.

பெர்சர்க் இதை 'இங்கா' என்ற ஜப்பானியச் சொல்லில் வைத்துப் பேசுகிறது. காரண காரியத் தொடர்பைக் குறிக்கும் பௌத்தச் சொல் அது. ஆங்கில சப்டைட்டிலில் ஏதோ அறிவியல் பாடம் மாதிரி ஒலிக்கும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை; ஊழ், வினைப்பயன் என்று இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன.

கதை, சுருக்கமாக

கட்ஸ் கூலிப்படையில் வளர்ந்தவன். தன்னைவிடப் பெரிய வாளைத் தூக்கிச் சண்டையிடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. கிரிஃபித் 'பருந்துப் படை' என்ற கூலிப்படையின் தலைவன். எளிய குடியில் பிறந்து, தனக்கென்று ஒரு ராஜ்ஜியம் வேண்டும் என்று கனவு காண்பவன். காஸ்கா அந்தப் படையின் தளபதி, படையிலேயே ஒரே பெண். கட்ஸைச் சண்டையில் வென்று படையில் சேர்க்கிறான் கிரிஃபித். மிட்லாண்ட் நாட்டின் நூறாண்டுப் போரை இவர்கள் முடித்துவைக்கிறார்கள், கிரிஃபித் பிரபு ஆகிறான். அப்புறம் எல்லாம் சரிகிறது. சரிவின் அடியில் 'கிரகணம்' என்ற சடங்கு: தன் கனவுக்காகத் தன் படை முழுவதையும் அரக்கர்களுக்குப் பலி கொடுத்து, கிரிஃபித் மனிதன் என்ற நிலையைக் கடக்கிறான்.

1997இல் எதை வெட்டினார்கள்?

நவோஹிடோ டகஹாஷி இயக்க, ஓஎல்எம் ஸ்டுடியோ தயாரித்த தொடர் இது. (அதே 1997இல் போகிமான் தொடரையும் தொடங்கிய அதே ஸ்டுடியோதான்.) நிப்பான் டிவியில் பின்னிரவில் ஒளிபரப்பானது. மங்காவின் தொடக்கத் தொகுதிகளில் முக்கால்வாசி அரக்கக் கதை. இவர்கள் முதல் எபிசோடில் மட்டும் அதைக் காட்டிவிட்டு, மீதி 24 எபிசோடுகளையும் பின்னோக்கிப் போய், மேலே சுருக்கிச் சொன்ன 'பொற்காலம்' என்ற பகுதிக்கே கொடுத்தார்கள். போகிற வழியில் விட்டவை:

1. பக் என்ற குட்டி எல்ஃப் (மாய உயிரினம்). மங்காவின் தொடக்கத்தில் கட்ஸின் கூடவே பறந்து, கிண்டலும் கேலியுமாக இறுக்கத்தைத் தளர்த்தும் பாத்திரம்.
2. ஸ்கல் நைட் என்ற எலும்புக்கூடு வீரன். நடக்கப்போவதை முன்கூட்டியே எச்சரிப்பவன், கிரகணத்துக்குள் புகுந்து கட்ஸையும் காஸ்காவையும் மீட்பவன்.
3. வயால்ட் என்ற அரக்கனும் அவன் கும்பலும் துரத்தி வரும் பகுதி.

மூன்றாவது போனதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. முதல் இரண்டும் வேறு கணக்கு.

வெட்டியதால் வந்த பலம்

அரக்கர்களை எடுத்துவிட்டதும் தொடர் ஏறக்குறைய ஒரு போர்க்கால நாடகமாக மாறிவிட்டது. சோட் என்ற ஒரே ஒரு அரக்கன் முன்பகுதியில் வந்து போகிறான். அதன்பின் நெடுநேரம் நாம் பார்ப்பது முற்றுகை, அரண்மனைச் சூழ்ச்சி, படைவீரர்களின் பேச்சு, இவைதான். கிரிஃபித்தின் கழுத்தில் தொங்கும் பெஹெலிட் என்ற முட்டை வடிவப் பதக்கத்தைக்கூட அவ்வப்போது மறந்துவிடுகிறோம். அதனால்தான் கிரகணம் வரும்போது அடி இவ்வளவு பலமாக விழுகிறது. தொடக்கத்திலிருந்தே அரக்கர்களோடு பழகியிருந்தால் அது இன்னொரு சண்டைக்காட்சி. இங்கே அது தெரிந்த உலகத்தின் தரை பிளப்பது.

இந்த நாடகத்தின் மையம் ஒரு நீரூற்றுக் காட்சி. மன்னரின் தம்பியைக் கொல்லும்படி கிரிஃபித் ரகசியமாகக் கட்ஸை அனுப்புகிறான். கட்ஸ் கொல்கிறான். கதவில் நிழலாடியதும் யோசிக்காமல் வாளைச் செலுத்துகிறான். விழுவது அந்த ஆளின் மகன், சிறுவன். அந்த ரத்தக்கறையோடு கிரிஃபித்தைத் தேடி வருகிறான். படிக்கட்டின் கீழே நிற்கும்போது, மேலே நீரூற்றின் அருகில் கிரிஃபித் இளவரசியிடம் பேசுவது காதில் விழுகிறது. நண்பன் என்றால் யார்? அடுத்தவன் கனவைப் பின்தொடர்ந்து வருபவன் நண்பன் ஆகமாட்டான். தனக்கென்று ஒரு கனவு வைத்திருப்பவன், தேவைப்பட்டால் என்னையே எதிர்ப்பவன், அவன்தான் எனக்குச் சமம், அவன்தான் நண்பன்.

கிரிஃபித் இதை ஒரு இளவரசியை மயக்கும் தோரணையில் சொல்கிறான். கீழே நிற்பவன் அப்போதுதான் அவன் கனவுக்காக ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான். அந்த ஒரு பேச்சிலிருந்து கதையின் மற்ற எல்லாம் முளைக்கிறது:

1. கட்ஸ் தனக்கென்று ஒரு கனவு தேடிப் படையை விட்டுப் போக முடிவெடுக்கிறான். கிரிஃபித்துக்குச் சமமாக நிற்க ஆசை.
2. போக விடாமல் கிரிஃபித் வாளை உருவுகிறான். பனி படிந்த குன்றில் ஒரே வீச்சு. கிரிஃபித்தின் வாள் முறிகிறது, கட்ஸின் வாள் அவன் தோளில் வந்து நிற்கிறது. கிரிஃபித் மண்டியிட, கட்ஸ் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.
3. நிலைகுலைந்த கிரிஃபித் அன்றிரவே இளவரசியின் அறைக்குப் போகிறான். பிடிபடுகிறான். ஓராண்டுச் சித்திரவதை, நாக்கு போகிறது, கைகால் நரம்புகள் போகின்றன.
4. மீட்டு வந்த பிறகு வாள் பிடிக்கவே முடியாத உடம்பு. பெஹெலிட் விழிக்கிறது, கிரகணம் தொடங்குகிறது.

கிரகணத்தில், பலி கொடுக்கும் சொல்லைச் சொல்வதற்கு முன், கிரிஃபித்துக்கு ஒன்று புரிகிறது: ஆயிரமாயிரம் தோழர்களுக்கும் எதிரிகளுக்கும் நடுவே, தன் கனவை மறக்கவைத்தவன் கட்ஸ் ஒருவன்தான். நீரூற்றின் அருகே சொன்ன இலக்கணத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நண்பன் பக்கத்தில்தான் இருந்தான். அவனைத் துரத்தியது அந்த இலக்கணம். விதி என்று தொடர் அடிக்கடி சொன்னாலும், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மனிதர்கள் செய்தது. இந்த இரட்டைத்தன்மைதான் 1997 தொடரின் உண்மையான சாதனை. மற்ற இரண்டு அனிமேக்களிலும் இது இந்த அளவுக்குத் தெளிவாக வரவில்லை.

முதல் எபிசோடை மறந்துவிடக்கூடாது. ஒற்றைக் கண், இரும்புக் கை, ஈரமில்லாத பேச்சு. அப்படி ஒரு கட்ஸைக் காட்டிவிட்டுத்தான் பழைய கதைக்குப் போகிறார்கள். ஆகவே பருந்துப் படையின் ஒவ்வொரு சிரிப்பும் நமக்கு உறுத்தும். புதிதாகப் பார்ப்பவருக்கு முதல் எபிசோடு ஒன்றுமே புரியாமல் போகும் என்பதும் உண்மை. அங்கேயே நிறுத்திவிடாமல் நான்காவது வரை போகவேண்டும்.

நகராத படம்: பலமா, பலவீனமா?

இதற்குக் கொஞ்சம் கணக்கு தெரியவேண்டும். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம். டிவி அனிமேயில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப்படம் வரைவதில்லை. ஒரு படத்தை மூன்று ஃப்ரேம் நிறுத்துவது வழக்கம். அப்போது நொடிக்கு 8 படம். ஓர் எபிசோடில் 22 நிமிடம் என்று வைத்தால், எல்லாமே அசைந்தால் 10,560 படங்கள். 1997இல் அவை பிளாஸ்டிக் தாளில் கையால் தீட்டப்பட்டவை. வாரம் ஒன்று என்று ஒளிபரப்பாகும் பின்னிரவுத் தொடருக்கு அது கட்டுப்படியாகாது. எனவே வாய் மட்டும் அசையும், கேமரா ஓவியத்தின் மேல் ஊரும், சண்டையின் உச்சத்தில் படம் உறைந்து நிற்கும்.

அந்த உறைந்த ஓவியங்களில் பல அழகானவை. மியூராவின் கோடுகளுக்கு இருந்த கனம் அவற்றில் வந்திருக்கிறது. கட்ஸ் வாளை வீசி முடித்த கணத்தில் படம் நிற்க, நாம் எடையை உணர்கிறோம். ஆனால் சப்பைக்கட்டு கட்டத் தேவையில்லை. டோல்ட்ரே கோட்டைப் போர் மாதிரி ஆயிரக்கணக்கானோர் மோதும் இடங்களில் இது வறுமைதான். நாலு குதிரை, கொஞ்சம் தூசி, பின்னணியில் கூச்சல், முடிந்தது போர்.

அந்த ஓட்டையை அடைப்பது இசை. பி-மாடல் இசைக்குழுவின் சுசுமு ஹிராசாவா மின்னணு ஒலிகளோடு குரல்களை அடுக்கி அமைத்த இசை, இடைக்கால ஐரோப்பாவையும் காட்டாது, வழக்கமான போர்ப் படத்தையும் காட்டாது. கட்ஸுக்கான மெட்டு ஏறக்குறைய ஒரு தாலாட்டு. ஒரு கொலைகாரனுக்குத் தாலாட்டு போட்ட துணிச்சல்தான் அந்தப் பாத்திரத்தின் மேல் நமக்குப் பரிவு வர பாதிக் காரணம். தொடக்கப் பாடலைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது. கல்லூரி விழா ராக் பாட்டு ஒன்று வழிதவறி வந்துவிட்டது மாதிரி இருக்கும்.

வெட்டியதால் வந்த பலவீனம்

1. அறுந்த முடிவு. ஸ்கல் நைட் இல்லாததால் கிரகணத்திலிருந்து கட்ஸ் எப்படித் தப்பினான் என்பதற்குத் தொடரில் விடையே இல்லை. கை போய், கண் போய், அலறும் இடத்தில் கதை நிற்கிறது. முதல் எபிசோடில் உயிரோடு இருக்கிறானே என்று நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். துன்பியல் நாடகம் என்று பார்த்தால் இந்த நிறுத்தத்துக்கு ஒரு கொடூர நியாயம் உண்டு. கதைசொல்லல் என்று பார்த்தால் இது பாலம் கட்டாமல் விட்ட ஆறு. 25 எபிசோடோடு நிறுத்தியவர்கள் தொடர்ச்சியை எடுக்கவே இல்லை.

2. காஸ்கா. இதுதான் பெரிய குறை, அதிகம் பேசப்படாததும் இதுதான். ஆணாதிக்கப் படையில் தளபதியாக நின்றவள், டோல்ட்ரேயில் எதிரித் தளபதி ஒருவனை வீழ்த்தியவள், கிரிஃபித் சிறையில் கிடந்த ஓராண்டும் சிதறிய படையைக் கட்டிக் காத்தவள். கிரகணத்தில் அவளுக்கு நேர்வது பாலியல் வன்கொடுமை. அது கட்ஸைக் கண்ணெதிரே வதைப்பதற்கான கருவியாகக் காட்டப்படுகிறது. கேமரா அவள் பக்கம் நிற்பதில்லை. இது மூலக்கதையிலேயே உள்ள கோளாறு. ஆனால் மங்காவில் கதை தொடர்கிறது. அவள் மனம் சிதைந்து, கடைசியில் தெளிவதும் வருகிறது. அந்தத் தெளிவுக்கே வாசகர்கள் 2018 வரை காத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். அனிமே அந்தக் கணத்திலேயே நின்றுவிடுவதால், காஸ்காவின் கடைசிச் சித்திரம் அதுவாகவே உறைந்துவிடுகிறது.

3. மூச்சுவிட இடமில்லை. பக் போனதோடு சிரிப்பும் போனது. மியூரா மங்காவில் கோரத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அசட்டு நகைச்சுவை வைப்பார். அது இல்லாத 1997 தொடர் ஒரே சுருதியில் இறுகிப் போகிறது. சிலருக்கு அதுவே பிடிக்கும்.

பணமும் தொழில்நுட்பமும் வந்த பிறகு?

2012-13 திரைப்படங்களை எடுத்தது ஸ்டுடியோ 4°சி. இயக்கம் தோஷியுகி குபோகா. போர்கள் இப்போது போர்களாகவே இருக்கின்றன. ஆனால் மூன்று படமும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குள் அடக்கம். 1997 தொடர் ஒன்பது மணி நேரம். எதைக் குறைத்தார்கள்? பேச்சை. கூடாரங்களின் நெருப்புகளைக் குன்றின் மேலிருந்து பார்த்தபடி, ஒவ்வொன்றும் ஒருவனுடைய சின்னக் கனவு என்று கட்ஸ் காஸ்காவிடம் சொல்லும் காட்சி படத்தில் காணாமல் போனது. படையில் ஒவ்வொருவனும் ஏன் கிரிஃபித்தின் பின்னால் வந்தான் என்பது அதில்தான் இருக்கிறது. அந்த இழப்பு தயாரிப்பாளர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். 2022 டிவி வடிவத்தில் அதைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

2016 தொடர்தான் முதன்முறையாகக் கிரகணத்துக்குப் பிந்தைய கதையை விரிவாக எடுத்தது. பக் வந்தான், ஸ்கல் நைட் வந்தான். எல்லாரும் எதிர்பார்த்தது. ஆனால் பாத்திரங்களைப் பெரும்பாலும் 3டி கணினி உருவங்களாகச் செய்தார்கள். இங்கே சிக்கல் 'வாளின் எடை'. கிரகணத்துக்குப் பிறகு கட்ஸ் தூக்குவது வாள் என்றே சொல்ல முடியாத இரும்புப் பலகை. அவன் யார் என்பதே அந்த எடையில்தான் இருக்கிறது. கையால் வரைபவர் வீச்சுக்கு முன் உடம்பைப் பின்னுக்கு இழுத்து, வீச்சில் இரண்டே படத்தில் வாளைக் கடத்தி, முடிவில் நிறுத்திவைப்பார். இந்த ஏற்றத்தாழ்வுதான் கண்ணுக்கு எடையாகத் தெரியும். கணினியில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் கொடுத்தால் நடுப்பகுதியை மென்பொருள் சீராக நிரப்பிவிடும். அனிமேட்டர் உட்கார்ந்து அந்தச் சீரைக் குலைக்காவிட்டால் இரும்புப் பலகை தெர்மாகோல் மாதிரி மிதக்கும். 2016இல் பல இடங்களில் மிதக்கிறது. வாள் மோதும்போது சமையலறையில் வாணலி விழுகிற சத்தம் வேறு. கேமராவோ ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதில்லை.

நகராத 1997 படத்தில் வாள் கனக்கிறது. ஓயாமல் நகரும் 2016 படத்தில் கனக்கவில்லை. "பழசைப் பார்" என்று சொல்பவர்கள் பழம்பெருமை பேசவில்லை என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது?

1. 1997 தொடரை 1 முதல் 25 வரை பாருங்கள். தொடக்கப் பாடலைத் தாண்டிக்கொள்ளலாம், அடுத்த எபிசோடு முன்னோட்டத்தைத் தவறவிட வேண்டாம்.
2. போர்க்காட்சிகள் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் திரைப்படங்கள். அதிலும் 2022 டிவி வடிவம் இருந்தால் அதுவே மேல்.
3. 2016 தொடர், ஹிராசாவாவின் பாடலைக் கேட்க நான்கைந்து நிமிடம் போதும்.
4. 25ஆவது எபிசோடு முடிந்த சூட்டோடு மங்காவின் 13ஆம் தொகுதியைத் திறங்கள். அனிமே அறுந்த அதே அலறலின் மேல் ஸ்கல் நைட் குதிரையில் பாய்ந்து வருவது அதில் இருக்கிறது. பிறகு முதல் தொகுதிக்குத் திரும்பிப் போய், பக் வரும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்.